நாலு படி இறங்கும் பாட்டு

எங்கள் கடைக்குக் காது மெஷின் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் மழையைப் போட்டுக்காட்டுவோம். அடுத்து ஒரு பேருந்து நிலையம், அடுத்து குழந்தையின் சிரிப்பு, கடைசியாகப் பாட்டு. மெஷின் செய்கிற கம்பெனியே அனுப்பிவைத்த மெமரி கார்டில் இருப்பவை அவை. மழை எந்த ஊர் மழையோ தெரியாது. பேருந்து நிலையம் மட்டும் நம் பக்கத்தது இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். அங்கே ஒருவர்கூட ஊர் பேரைச் சொல்லிக் கூவவில்லை.

கடைசியில் வரும் அந்தப் பாட்டு அரை நிமிஷம்தான். ஒரு பெண் குரல், கீழே ஏதோ தந்தி வாத்தியம். மெஷின் மாட்டிப் பார்ப்பவர்கள் மழைக்குத் தலையாட்டுவார்கள், குழந்தைக்குச் சிரிப்பார்கள், இந்த இடம் வந்ததும், "இது என்னங்க, யாரோ அழுவுறாப்ல இருக்கே," என்பார்கள். குடவாசலில் இருந்து வந்த ஒரு பெரியவர் மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சாவு வூட்டு சத்தத்தக் கேக்கவா காசு குடுத்து காது வாங்குறேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடை கும்பகோணத்தில், பாத்திரக் கடைகள் இருக்கும் தெருவில் இருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் ஒரு கண்ணாடிக் கடையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். "கண்ணுக்கு நூறு கடை இருக்கு தம்பி, காதுக்குத்தான் நாதி இல்ல," என்று சொல்லித் திறந்த கடை. நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, பயிற்சி எடுத்துக்கொண்டு, அங்கே காது சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் வந்தவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்த படிப்புக்கு, 'ஊய்' என்று ஒரு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், மனிதர்களுக்கு எந்த இடத்தில் அது இல்லாமல் போகிறது என்று பார்க்கும் வேலை கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அரை நிமிஷத்தில் அறுந்துபோகிற அந்தப் பாட்டின் மீதி எங்கே என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. பாட்டைப் போனுக்குக் கேட்கவைத்துத் தேடினால் கிடைத்தது. மீதி மூன்று மணி நேரம் இருந்தது.

இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு நாடகம் அது. அதன் பெயர் எனக்கே சரியாக உச்சரிக்க வராது என்பதால் எழுதவில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத ஒருத்தியின் கதை. கீழே ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தேன். இன்றைய வயலினில் இரும்புக் கம்பி. இவர்கள் அந்தக் காலத்தில் இருந்தது போலவே ஆட்டுக்குடலைத் திரித்துக் கட்டிய நரம்பில் வாசிக்கிறார்கள். வீணையைப் போல ஒரு வாத்தியம், ஆனால் கழுத்து ஓர் ஆள் உயரம். சுருதியும் இன்றைக்கு இருப்பதைப் போல இல்லை. பாய்க்கு இதைச் சொன்னபோது அவர் குடல் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஆட்டுக்கொடலா? தம்பி, நம்ம கறிக்கடைல அத நாய்க்குப் போட்டுக்கிட்டிருக்கான். வெள்ளக்காரன் அதுல அழுவ வெச்சிருக்கான் பாரு!"

அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் இதையே சொன்னார்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில், திருப்பனந்தாளைத் தாண்டிப் போக வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் டவுன் பஸ். அந்த நேரம் முழுவதும் காதில் இதுதான் ஓடியது. அதில் பாதி பாட்டே இல்லை. பேச்சுதான். பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை கொஞ்சம் நீளும், கொஞ்சம் வளையும், எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று பிடிக்க முடியாது. திரும்பத் திரும்பக் கேட்டதால் பாட்டுக்கு நடுவில் இருப்பதும் கேட்க ஆரம்பித்தது. நரம்பைத் தொடுமுன் வாசிப்பவர் இழுக்கும் மூச்சு. தாள் திருப்பும் ஓசை. நாற்காலி முனகல். அழுகைப் பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், மரத்தில் மரம் இடித்தது போல ஒரு 'டக்'. அந்த நீளக் கழுத்து வாத்தியம் எதிலோ பட்டிருக்க வேண்டும். எனக்கு அது யாரோ கதவைத் தட்டுவது போலவே கேட்டது. தெரிந்தே இருந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பின் சீட்டுக்காரர், "என்ன தம்பி?" என்பார்.

அதே காலத்தில் நம் தஞ்சாவூர் அரண்மனையிலும் பாட்டும் கூத்துமாக நாடகங்கள் நடந்தன என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தச் சத்தம் நமக்கு வந்து சேரவில்லை. இத்தாலிக்காரர்களின் சத்தமும்தான் சேரவில்லை. எழுதிவைத்த தாள்தான் மிச்சம். செத்தவர்கள் வைத்திருந்ததைப் போலவே வாத்தியம் செய்து, செத்தவர்கள் வாசித்ததைப் போலவே வாசித்து, உயிரோடு இருப்பவர்கள் பாடுகிறார்கள். எதற்காக இந்தச் சிரமம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடப் பக்கம் போனது என்னைக் கொண்டுபோய் விடத்தான். வெளியே வேப்பமரத்தடியில் நின்று, நான் உள்ளே போய் உட்காரும்வரை பார்த்துவிட்டு, வயலுக்குப் போவான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் இருந்து கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் மாடு ஆற்றுக்குள் இருக்கும் படுகையில் கட்டிக்கிடந்தது. அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனான் அண்ணன். படித்துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாடு மறுநாள் காலையில் தானாக வந்து கொல்லையில் நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு இருந்தது.

அண்ணன் கிடைக்கவே இல்லை. தீயணைப்புக்காரர்கள் படகில் தேடினார்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை சொல்லி வைத்தோம்.

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். வீட்டுப் பெண்ணின் தோளைக் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு அந்தக் குரல் உண்டு. அவள் ஒரு வரி சொன்னால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும் என்று தெருவில் சொல்வார்கள். அண்ணன் போனதும் தெருவே அப்படி எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மா நிலைப்படியில் நின்று இரண்டு கைகளாலும் வழியை அடைத்துக்கொண்டாள்.

"எவ சொன்னா எம்புள்ள செத்துட்டான்னு? பொணத்தக் காட்டிட்டு அழுவுங்கடி. உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வெச்சா அவன் ஆயுசு என்னத்துக்கு ஆவுறது? போங்கடி."

போனார்கள். காரியம் செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. அதோடு அம்மா எந்தச் சாவு வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டாள். முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்து அழுகிற ஒவ்வொருத்தியும் தன் தன் செத்தவர்களுக்குத்தான் அழுகிறாள். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மா போய் உட்கார்ந்தால், வாயைத் திறந்தால், யாருக்கு அழுவாள்?

அதைத் தெரு பொறுத்துக்கொண்டது, பக்கத்து வீட்டு மாமா சாகும்வரை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர். அத்தை அங்கே அழுதது எங்கள் அடுப்படியில் கேட்டது. அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். போகவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு இந்த வூட்டுல ஒண்ணு ஆனா, தூக்கறதுக்கு ஆள் வெளியூர்லேருந்து வரட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. குழம்பு கொடுப்பது வாங்குவது நின்றது. மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டன. அம்மாவை நடவுக்குக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். தெருவில் இருந்துகொண்டே தெருவை இழந்துகொண்டிருந்தாள். நான் காலையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவேன். பகல் முழுவதும் அவளுக்குப் பேசுவதற்கு இருந்தது அந்த மாடு ஒன்றுதான். அதனோடும் அவள் பேசியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் காது சரியில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் யாரும் கூப்பிடாதபோது, "தோ," என்று கொல்லைப்பக்கம் எழுந்து போவாள். ஒரு நாள் கடைக்கு அழைத்து வந்தேன். பாய் தன் நாற்காலியைக் கொடுத்து, "உக்காருங்கம்மா, ஒங்க புள்ளதான் இங்க டாக்டரு," என்றார். அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்தேன். "சத்தம் கேட்டா மட்டும் அழுத்தும்மா. கேக்கலன்னா சும்மா இரு."

சத்தங்களை அனுப்பினேன். ஒழுங்காக அழுத்தினாள். மிகச் சன்னமானதையும் பிடித்தாள். பழக்கத்தால் அழுத்துகிறார்களா என்று பார்க்க, நடுவில் எதையும் அனுப்பாமல் நாங்கள் கொஞ்சம் சும்மா இருப்போம். அப்படி இருந்தேன். என் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா அழுத்தியிருந்தாள்.

மறுபடி ஒன்றும் அனுப்பாமல் இருந்தேன். மறுபடி விளக்கு எரிந்தது.

மைக்கில், "அம்மா, இப்ப எதுவும் அனுப்பல," என்றேன்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "இல்லடா. கேட்டுச்சு."

பாய் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தபோது, "அம்மா காதுல கொறையொண்ணும் இல்ல தம்பி. கூடத்தான் கேக்குது. அதுக்கு நம்மகிட்ட மெஷின் இல்ல," என்றார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் ஹெட்போனில் ஒரு காது போய்விட்டிருந்ததால் பாய் கடையில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் கொடுத்திருந்தார். "சைஸப் பாத்து ஏமாறாத, ஊரக் கூட்டிரும்," என்று எச்சரித்தார். அம்மா மாட்டுக்குப் புல்லறுக்க வாய்க்கால் பக்கம் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்பதால் கதவைத் திறந்து வைத்து, ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து, நாடகத்தை நடுவில் இருந்து ஓடவிட்டேன். ஹெட்போனில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அறை முழுக்கக் காற்று அதிர்ந்தது. குடல் நரம்பின் கரகரப்பு, தொண்டை கமறுவதைப் போலவே, ஆள் பக்கத்தில் இருப்பதைப் போலவே இருந்தது.

கதவு தட்டுகிற அந்த 'டக்' வந்தது. பிறகு அழுகைப் பாட்டு.

அந்தப் பாட்டுக்குக் கீழே ஓடுவது நாலே நாலு சுரங்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும். இறங்கி முடிந்ததும் மறுபடி மேலே இருந்து இறங்கும். பாட்டு முழுக்க அவ்வளவுதான். படித்துறையில் ஒருவன் நாலு படி இறங்குவதை யாரோ திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுவது போல. தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் மறுபடி மேல்படியில் இருப்பான். பாடுகிறவள் மேலே தனியாக, அந்தப் படிகளோடு சேராமல், 'இல்லை, இல்லை' என்று அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே இருப்பாள். முதலில் பேசுவது போல. பிறகு குரல் எழும்பி, ஒரு இடத்தில் உடைந்து, நீளமாக ஒரே இழுப்பு.

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இழுப்பின்போது இன்னொரு குரல் அதில் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. இந்தப் பதிவில் இப்படி இல்லையே என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை கூந்தலை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, எங்கள் வாசலில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நடவு முடித்துத் தெருவோடு போய்க்கொண்டிருந்த பெண்கள், முழங்கால் வரை சேறு, சாப்பாட்டுத் தூக்குகளைச் சாலையிலேயே போட்டுவிட்டு, ஒவ்வொருத்தியாகக் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார்கள். சரியாக அந்த நேரம் அம்மா கொல்லைப்பக்கமாகப் புல் கட்டோடு உள்ளே வந்தாள். அத்தை நேராகப் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அய்யோ எஞ்சாமி," என்று கதறினாள்.

அம்மாவின் தலையில் இருந்து புல் கட்டு விழுந்தது. அவள் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்கவில்லை.

"எங்கடி கெடச்சான்?" என்றாள்.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. எல்லோருமே நின்றுவிட்டார்கள். ஸ்பீக்கரில் இருந்தவள் மட்டும் நிறுத்தவில்லை.

"என்னக்கா கேக்கற? ஒன் வூட்டுலேருந்துதான சத்தம் வந்துச்சு," என்றாள் அத்தை. "பொணம் வந்துருச்சுன்னு நெனச்சுல்ல ஓடியாந்தேன்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"அடியே, பொட்டிடி!" என்றாள் பின்னால் இருந்த ஒரு பெண். "பொட்டிதான்டி அழுவுது!"

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி அவளை இடித்தாள். அத்தைக்கு என் மேல் கோபம் வந்தது.

"ஏன்டா, படிச்ச புள்ள பண்ற காரியமாடா இது? பட்டப்பகல்ல வூட்ல ஒப்பாரிய வெப்பியா? நான் ஒலையில அரிசியப் போட்டுட்டு அப்படியே ஓடியாரேன்டா!"

"இது பாட்டு அத்தை."

"இதுவாடா பாட்டு? எங்களுக்கு அழுவத் தெரியாதா?"

நிறுத்துவதற்கு எழுந்தேன். அம்மா, "நிறுத்தாத," என்றாள்.

அவள் சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தாள். புல் கட்டு அவள் காலடியில் பிரிந்து கிடந்தது. நாலு படியும் இறங்கின, மறுபடி இறங்கின. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன சொல்றா இவ?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு சொல்றாம்மா."

"எது இல்லையாம்?"

"அவன் செத்துட்டான்னு வந்து சொல்றாங்க. இல்லைங்கறா."

அத்தை ஜன்னலைப் பார்த்து, "இல்லன்னு சொல்லிக்கிட்டேதான்டி அழுவுறா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. ஸ்பீக்கரிடம்தான் சொன்னாள் போலிருந்தது.

போகலாம் என்று ஒருத்தி திரும்பினாள். கொண்டையை முடியப் போன கையை அத்தை தட்டிவிட்டாள். "தலைய அவுத்துக்கிட்டு வாசப்படி ஏறிட்டோம். அழுவாம முடிஞ்சிக்கிட்டுப் போனா யாருக்குடி ஆவும்? போற வூட்டுக்கா, இந்த வூட்டுக்கா?"

அது எங்கள் தெருவில் எல்லோரும் அஞ்சுகிற விஷயம். அவிழ்த்த கூந்தலோடு ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அழுது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூந்தல் நிஜமாகவே அவிழ வேண்டி வரும் என்பார்கள். ஆனால் சாவு இல்லாத வீட்டில் யாருக்கு அழுவது? பெண்கள் சேற்றுக் காலோடு நடுவீட்டில் நின்றார்கள். யாரும் அம்மாவைப் பார்க்கத் துணியவில்லை. நிலைப்படியில் கைகளை விரித்து நின்ற அந்த நாள் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அம்மாதான் சொன்னாள். "இந்தப் பொண்ணுக்கு அழுவுங்கடி. தனியா அழுவுது பாரு. சுத்தி ஒரு பொம்பள இல்ல."

முதலில் அத்தை உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். தோளில் தோள் போட்டு, ஜன்னலுக்குக் கீழே வட்டமாக. முகம் தெரியாத, பாஷை தெரியாத, நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த ஒருத்திக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒப்பாரி வைக்க உட்கார்ந்தார்கள். அத்தை ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை. அவர்கள் சுருதி வேறு, நம் குரல் வேறு. ஆனால் நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அந்த நரம்பு இறங்கும்போது அத்தையின் குரலும் தானாக அதோடு இறங்கியது. இரண்டே வரியில் அவள் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மாமாவிடம் போய்விட்டாள். ஒவ்வொருத்தியும் அப்படியே தன் ஆட்களிடம் போனாள்.

அம்மா சுவரோரம் இருந்து வட்டத்துக்கு நகர்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் அத்தையின் தோளில் கை போட்டிருந்தாள். அவள் குரல் எழும்பியதும் மற்றவர்கள் தாழ்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் அண்ணனின் பெயரைச் சொல்லவில்லை. மாட்டைத்தான் திட்டினாள். கயிற்றை அறுத்துக்கொண்டு வரத் தெரிந்த மாட்டுக்கு, கட்டினவனை இழுத்துக்கொண்டு வரத் தெரியவில்லையே என்றாள். காலையில் அவள் போட்ட பழையதை அவன் பாதியில் வைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். மீதியை வந்து தின்னு என்றாள். அப்புறம் வார்த்தை இல்லை.

இதற்கிடையே நாடகம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு வேலைக்காரன் வந்து குதித்துக் குதித்து ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடுவான். அந்தக் காலத்தில் அப்படித்தான், அழுகைக்குப் பின்னால் உடனே சிரிப்பு வைப்பார்கள். நடுவீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, ஜன்னலில் அவன் கைதட்டல் தாளத்தோடு துள்ளிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

அழுகை தானாக ஓய்ந்ததும் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். குழாயடியில் சேறும் சோப்பும் ஓடின. "பொட்டிக்காரிக்கு இனிமே ஒண்ணும் ஆவாதுடி, இத்தன பேரு அழுதாச்சு," என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தூக்குகளைப் பொறுக்கிக்கொண்டு ஈரப்புடவையோடு போனார்கள். அத்தை மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள்.

"ஒன் வூட்டுக்காரருக்கும் சேத்துத்தான் அழுதேன்," என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தெரியும். காதுல விழுந்துச்சு." அத்தை கூந்தலைப் பிழிந்து முடிந்தாள். "ஒல என்ன கதியில இருக்கோ," என்று போனாள். மாலையில் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வந்தது. அடிப்பிடித்த சோறு கிளறி, மேலே கொஞ்சம் வத்தக்குழம்பு. "ஒன் மவனுக்குக் குடு. அவனாலதான் கருகிச்சு."

தை அமாவாசைக்குக் கொள்ளிடக் கரைக்குப் போனோம். அம்மா மேல்படியிலேயே நின்றுகொண்டாள். நான்தான் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டேன். அன்றைக்கு ஆற்றில் மணல்தான் இருந்தது, ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். கீழத்தெருவில் ஒரு கிழவர் போனபோது அம்மா கூந்தலை அவிழ்த்துக்கொண்டு போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் வட்டத்தில் இடம் விட்டார்களாம். அத்தை சொன்னாள்.

அந்தப் பாட்டை இப்போதும் பஸ்ஸில் கேட்கிறேன். ஆனால் அது பழையபடி இல்லை. நீளமாக இழுக்கும் அந்த இடத்தில் வாசலில் கால் சத்தம் கேட்கிறது. பதிவில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அதற்காகவே காத்திருக்கிறேன். சில நாள் 'டக்' என்ற அந்த ஓசைக்கு முன்னாலேயே திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

போன மாதம் பாய் அம்மாவை மறுபடி சோதித்துப் பார்க்கச் சொன்னார். அறைக்குள் உட்காரவைத்துக் கதவை மூடினேன். சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். கேட்ட இடத்தில் எல்லாம் அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். விளக்கு எரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். எரியவில்லை. தேவைக்கு மேல் காத்திருந்தேன். உள்ளே இருக்கும் மைக் வழியாக அவள் மூச்சு என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மூச்சுக்குப் பின்னால், மிகத் தூரத்தில், தண்ணீருக்குள் யாரோ நடப்பது போல ஏதோ இருந்தது. நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்தேன்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா பட்டன் பிடித்த கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா," என்றாள், "ஒண்ணும் அனுப்பாம ஒக்காந்திருக்க?"